யூடியூப் ஓடுது, ஆபீஸ் மெயில் மட்டும் திறக்கலையே ஏன்? குமரியில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களின் சிக்கலும் தீர்வும்

காலை ஒன்பதரை மணி. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தை ஒட்டிய ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க மழை. கரண்ட் போய், வந்து, மறுபடியும் போய் வந்திருக்கிறது. மாடி அறையில் ஒருவர் லேப்டாப்புடன் அரை மணி நேரமாக மல்லுக்கட்டுகிறார். வாட்ஸ்அப் வருகிறது. யூடியூப் ஓடுகிறது. ஆபீஸ் மெயில் மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது.

கீழே இருந்து அம்மா கேட்கிறார்: "மக்ளே, கரண்டுதான் வந்தாச்சே, பொறவு என்ன?" சென்னையில் இருந்து மேலாளர் போனில் கேட்கிறார்: "ஏங்க, காலையில அனுப்பின மெயிலுக்கு இன்னும் பதில் வரலையே?" இரண்டு பேருக்கும் அவரிடம் இருப்பது ஒரே பதில்தான்: "விபிஎன் கனெக்ட் ஆகல." அம்மாவுக்கு அது புரியாது. மேலாளர் அதை நம்ப மாட்டார்.

நெட் இருந்தும் மெயில் ஏன் திறப்பதில்லை? தப்பு ஊழியர் பக்கமா, ஊர் பக்கமா, நிறுவனத்தின் பக்கமா? விரிவாகப் பார்க்கலாம்.

குமரிக்கு இது ஏன் பெரிய விஷயம்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு அதிகம் உள்ள மாவட்டம் கன்னியாகுமரி. விகிதம் 91.75 சதவீதம். ஆனால் படித்து முடித்தவர்களுக்கான ஐடி வேலை பெரும்பாலும் ஊரில் இல்லை. ஒன்று சுமார் 700 கிலோமீட்டர் தள்ளி சென்னைக்குப் போக வேண்டும், அல்லது பெங்களூருவுக்கு ரயில் ஏற வேண்டும். பக்கத்தில் என்று பார்த்தால் 1990ல் தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் டெக்னோபார்க்தான். களியக்காவிளை தாண்டி, அடுத்த மாநிலத்தில் இருக்கிறது.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோதுதான் நிலைமை மாறியது. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பியவர்கள், தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் இருந்தபடியே வேலை பார்க்க முடியும் என்று கண்டார்கள். அரசும் அதற்கேற்ப விதிகளைத் தளர்த்தியது. அதற்கு முன்பு கால் சென்டர், பிபிஓ நிறுவனங்கள் ஊழியரை வீட்டிலிருந்து வேலை பார்க்க விட வேண்டுமென்றால் பிணைத்தொகை கட்ட வேண்டும். தொலைத்தொடர்பு நிறுவனம் அமைத்துத் தரும் தனிப் பாதையைத்தான் பயன்படுத்த வேண்டும். 2020 மார்ச் 13ல் மத்திய தொலைத்தொடர்புத் துறை இதில் இருந்து தற்காலிக விலக்கு கொடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் புதிய விதிமுறைகள் வந்து, வீட்டிலிருந்து வேலை என்பது நிரந்தரமாகவே சாத்தியமானது.

பிறகு காற்று மறுபக்கம் வீசத் தொடங்கியது. 2023 அக்டோபர் 1 முதல் வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகம் வர வேண்டும் என்று டிசிஎஸ் தன் ஊழியர்களை அழைத்தது. மற்ற நிறுவனங்களும் நாள் கணக்கு போட ஆரம்பித்தன. இன்று ஊரில் இருந்தபடி வேலை பார்க்கும் ஒவ்வொருவரும், தான் எப்போதும் தொடர்பில் இருப்பதாக நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மெயிலுக்கு இரண்டு மணி நேரம் பதில் வராவிட்டால், "ஊர்ல இருந்தா இப்படித்தான்" என்ற பேச்சுக்கு அது ஆதாரமாகிவிடுகிறது. வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ள, கைக்குழந்தையை வளர்க்க, கடனைக் குறைக்க ஊரில் இருப்பவர்களுக்கு மெயில் திறக்காத ஒரு காலைப்பொழுது சின்ன விஷயம் இல்லை.

மெயில் உண்மையில் எப்படி வேலை செய்கிறது?

போன் கால் மாதிரி மெயில் கிடையாது. தபால் மாதிரி. அனுப்புபவர் சர்வர், பெறுபவர் சர்வரிடம் கடிதத்தை ஒப்படைக்கிறது. அந்தப் பக்கம் கதவு மூடியிருந்தால், கடிதத்தை வரிசையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தட்டுகிறது. இதற்கான சர்வதேச விதிமுறை, குறைந்தது 4 முதல் 5 நாட்கள் வரை முயன்று பார்க்கச் சொல்கிறது. சில நிறுவனங்கள் அதைவிடக் குறைவாக வைத்திருப்பதுண்டு. அடிக்கடி அறுந்துபோகும் இணைப்புகளை மனதில் வைத்தே மெயில் வடிவமைக்கப்பட்டது.

2017 நவம்பர் 30 நினைவிருக்கிறதா? ஒக்கி புயல் குமரியை உலுக்கிப் போட்ட நாள். மரங்களும் மின்கம்பங்களும் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல ஊர்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை, செல்போன் இல்லை. ஆனால் அந்த நாட்களில் குமரியில் இருந்த ஒருவருக்கு வெளியூரில் உள்ள சர்வருக்கு வந்த மெயில், அங்கே அப்படியே காத்திருந்திருக்கும். தொடர்பு வந்ததும் மொத்தமாக இறங்கியிருக்கும்.

பெறும் பக்கத்திலும் இதே பொறுமை உண்டு. அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்ற மென்பொருளில் ஐமேப் முறையிலோ எக்ஸ்சேஞ்ச் முறையிலோ கணக்கைச் சேர்த்து, ஆஃப்லைன் வசதியையும் போட்டுவைத்தால், மெயிலின் ஒரு பிரதி லேப்டாப்பிலேயே இருக்கும். நெட் இல்லாதபோதும் பழைய மெயிலைப் படிக்கலாம், பதில் எழுதலாம். எழுதியது 'அவுட்பாக்ஸ்' பெட்டியில் காத்திருந்து, நெட் வந்ததும் போகும்.

மெயிலுக்கு நாள் முழுக்க அசையாத நெட் தேவையே இல்லை. அப்படியானால் எங்கே இடிக்கிறது? மெயிலுக்கு முன்னால் நிறுவனங்கள் வைத்திருக்கும் மூன்று கதவுகளில்.

முதல் கதவு: விபிஎன்

பல நிறுவனங்களின் மெயில் சர்வர் இன்னும் அவர்களுடைய அலுவலகத்திலோ, சொந்த டேட்டா சென்டரிலோதான் இருக்கிறது. வெளியுலகத்துக்கு அது தெரியாது. உள்ளே போக வேண்டுமென்றால் விபிஎன் என்ற ரகசியச் சுரங்கப்பாதை வழியாகத்தான் போக வேண்டும். மெயிலுக்குப் பொறுமை உண்டு. பழைய பாணி விபிஎன்னுக்குக் கிடையாது. கரண்ட் போய் பிராட்பேண்ட் நின்று, போனின் மொபைல் டேட்டாவுக்கு மாறிய நொடியே உங்கள் ஐபி முகவரி மாறிவிடும். சுரங்கப்பாதை அறுந்துவிடும். மறுபடி பாஸ்வேர்ட், மறுபடி ஓடிபி.

இன்னொரு சிக்கல் நெரிசல். சில நிறுவனங்களில் ஊழியரின் லேப்டாப்பில் இருந்து போகும் எல்லாமே விபிஎன் வழியாகத்தான் போகும்படி அமைத்திருப்பார்கள். வீடியோ மீட்டிங், விண்டோஸ் அப்டேட் உட்பட எல்லாம் ஒரே வாசலில் முண்டியடிக்கும். திங்கட்கிழமை காலையில் எல்லோரும் ஒன்றாக நுழையும்போது வாசல் அடைத்துக்கொள்ளும். உரிமம் 200 பேருக்கு வாங்கி வைத்திருந்தால் 201வது ஆள் வெளியேதான் நிற்க வேண்டும். அவருக்குத் தெரிவதெல்லாம் 'கனெக்ஷன் ஃபெயில்டு' என்ற ஒற்றை வரிதான்.

இரண்டாவது கதவு: ஓடிபி

பாஸ்வேர்ட் போட்ட பிறகு போனுக்கு எஸ்எம்எஸ் வழியாக ஓடிபி வர வேண்டும். பேச்சிப்பாறை, கடையாலுமூடு பக்கத்து மலையோர வீடுகளில் இதுதான் தலைவலி. கம்பி வழி நெட் நன்றாக இருக்கும். வீட்டுக்குள் செல்போன் சிக்னல் ஒரு கோடுதான் இருக்கும். போனைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடி, எண்ணைப் பார்த்து, இறங்கி வருவதற்குள் ஓடிபி காலாவதி.

இதற்கு மாற்று ரொம்பச் சுலபம். ஆத்தென்டிகேட்டர் செயலி தரும் ஆறு இலக்க எண்ணுக்கு சிக்னலே வேண்டாம். போனில் இருக்கும் ரகசியக் குறியீட்டையும் கடிகார நேரத்தையும் சேர்த்து, பொதுவாக 30 நொடிக்கு ஒருமுறை போனே அந்த எண்ணைக் கணக்கிட்டுத் தருகிறது. போனில் நேரம் சரியாக இருந்தால் போதும். எஸ்எம்எஸ்ஸைவிட இது பாதுகாப்பும் கூட. சிம் கார்டை மோசடியாக மாற்றி வாங்கும் ஆசாமிகள் இதைத் திருட முடியாது.

மூன்றாவது கதவு: "நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?"

குறிப்பிட்ட ஐபி முகவரியில் இருந்து வந்தால் மட்டுமே அனுமதி என்று சில நிறுவனங்கள் பூட்டு போட்டிருக்கும். அலுவலகத்துக்கு அது பொருந்தும், வீட்டுக்குப் பொருந்தாது. மொபைல் நிறுவனங்கள் ஒரே ஐபி முகவரியை ஏராளமான வாடிக்கையாளர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கின்றன. அதுவும் மாறிக்கொண்டே இருக்கும்.

எல்லை மாவட்டத்துக்கு இதில் தனிக் கஷ்டம். களியக்காவிளை, ஊரம்பு பக்கம் உள்ள போன் சில நேரம் கேரளா டவரைப் பிடித்துக்கொள்ளும். ஐபி முகவரியை வைத்து இடத்தைக் கணிக்கும் மென்பொருள், உங்களைப் பத்து மணிக்குச் சென்னையிலும் பத்தே காலுக்குக் கொச்சியிலும் காட்டலாம். பதினைந்து நிமிடத்தில் யாரும் கொச்சிக்குப் போக முடியாதே! பாதுகாப்பு மென்பொருள் சந்தேகப்பட்டுக் கணக்கைப் பூட்டிவிடும். ஊழியர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார்.

கதவே வேண்டாமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. 2021 மார்ச் 2ஆம் தேதி மைக்ரோசாப்ட் ஒரு அவசர அறிவிப்பு வெளியிட்டது. அதன் எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வரில் இருந்த நான்கு ஓட்டைகள் வழியாக ஹேக்கர்கள் புகுந்துகொண்டிருந்தார்கள். இணையத்தில் நேரடியாகத் திறந்து வைக்கப்பட்டிருந்த சர்வர்கள் உலகம் முழுக்கச் சிக்கின. ஐரோப்பிய வங்கி ஆணையமே தன் மெயில் அமைப்பைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று.

சரி, விபிஎன் மட்டும் இருந்தால் போதுமா? அதுவும் போதாது. அதே ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் நிறுவனத்தை முடக்கிய ஹேக்கர்கள் உள்ளே நுழைந்தது, யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய விபிஎன் கணக்கு வழியாக. அதற்குப் பாஸ்வேர்ட் மட்டும்தான் இருந்தது. இரண்டாவது சரிபார்ப்பு இல்லை. கிழக்குக் கடற்கரை மாநிலங்களுக்குப் போகும் எரிபொருள் குழாய் நாள் கணக்கில் நின்றது.

ஆகவே கதவு வேண்டும். ஆனால் உள்ளே இருக்க வேண்டியவரையே வெளியே நிறுத்தும் கதவு, பாதுகாப்பையும் கெடுக்கிறது. மெயில் திறக்காத ஊழியர் என்ன செய்வார்? "அந்த ஃபைலை என் ஜிமெயிலுக்கு அனுப்பிடுங்க" என்பார். நிறுவனத்தின் ரகசியம் அன்றே வெளியே போய்விடும். யாரும் ஹேக் செய்யத் தேவையே இல்லை.

நிறுவனங்கள் என்ன செய்யலாம்?

ஒன்று, மெயிலை மட்டுமாவது விபிஎன்னுக்கு வெளியே கொண்டுவரலாம். கிளவுட் மெயில் சேவைக்கு மாறி, இரண்டடுக்குச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கி, நிறுவனம் பதிவு செய்த லேப்டாப்பில் மட்டும் திறக்கும்படி வைக்கலாம். இடத்தைச் சோதிப்பதைவிட ஆளையும் கருவியையும் சோதிப்பது மேல்.

இரண்டு, விபிஎன் இருந்தே ஆக வேண்டும் என்றால் நல்லதாக வைக்கலாம். ஐகேஇவி2, வயர்கார்டு போன்ற நெறிமுறைகளை முறையாக அமைத்தால், பிராட்பேண்டில் இருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் பாதை அறுவதில்லை. அலுவலக வேலை மட்டும் சுரங்கப்பாதையில், மற்றவை நேரடி நெட்டில் என்று பிரித்துவிட்டால் நெரிசலும் குறையும். ஒரு வாசல் பழுதானால் திறக்க இன்னொரு ஊரில் இரண்டாவது வாசல் வேண்டும்.

மூன்று, எஸ்எம்எஸ் ஓடிபியை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. ஆத்தென்டிகேட்டர் செயலி, அவசரத்துக்குப் பயன்படும் மீட்புக் குறியீடுகள் இரண்டையும் வேலையில் சேரும் அன்றே கொடுத்துவிட வேண்டும்.

நான்கு, கிளவுடும் விழும் என்பதை மறக்கக் கூடாது. 2023 ஜனவரி 25 அன்று மைக்ரோசாப்ட் தன் நெட்வொர்க்கில் செய்த ஒரு மாற்றத்தால் அவுட்லுக்கும் டீம்ஸும் மணிக்கணக்கில் தடுமாறின. இந்திய நேரப்படி நண்பகல், வேலை சூடுபிடித்திருந்த நேரம். அப்படிப்பட்ட நாளில் எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும், எந்தக் குழுவில் தகவல் வரும் என்று முன்கூட்டியே ஊழியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஊரில் இருந்தால் மெயில் சரிவராது என்பவர்களுக்குத் தெற்கிலேயே ஒரு பதில் இருக்கிறது. திருநெல்வேலியைத் தாண்டினால் தென்காசி. அங்கே மத்தளம்பாறையில் 2011ல் இருந்து ஜோஹோ நிறுவனம் அலுவலகம் நடத்துகிறது. மத்திய அரசு ஊழியர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேரின் மெயில் அந்த நிறுவனத்தின் தளத்துக்கு மாற்றப்பட்டதாக 2025 அக்டோபரில் செய்தி வந்தது. கிராமத்தில் அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனம் நாட்டுக்கே மெயில் சேவை தருகிறது. அப்படியிருக்க, கிராமத்தில் இருந்து மெயில் பார்க்க முடியாது என்பதை எப்படி ஏற்பது?

ஊழியர் தன் பங்குக்கு என்ன செய்யலாம்?

இரண்டு நெட் இணைப்பு வைத்திருப்பது நல்லது. ஆனால் இரண்டும் ஒரே கம்பத்தில் வரும் ஃபைபர் கேபிளாக இருந்தால் பயனில்லை. தெருமுனையில் ஒரு தென்னை சாய்ந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். ஒன்று கம்பி வழி, இன்னொன்று வேறு நிறுவனத்தின் மொபைல் டேட்டா என்று இருக்கட்டும்.

மின்வாரியம் பராமரிப்புப் பணிக்காகக் கரண்டை நிறுத்தும் நாட்களை முன்கூட்டியே அறிவிக்கும். அந்த அறிவிப்பைப் பார்த்து, மேலாளருக்கு முதல் நாளே ஒரு வரி எழுதிவிடுங்கள். ரவுட்டருக்கென்று தனியாகச் சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது. கரண்ட் போனாலும் ரவுட்டர் அணையாமல் இருந்தால், விபிஎன் அறுவது பெருமளவு குறையும். மெயில் மென்பொருளில் ஆஃப்லைன் வசதி போடப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். நிறுவன அனுமதி இல்லாமல் ஆபீஸ் மெயிலைச் சொந்த மெயிலுக்குத் திருப்பிவிடாதீர்கள். வேலைக்கே உலை வைக்கும் தவறு அது.

இதெல்லாம் செய்தாலும் இயற்கையை வெல்ல முடியாது. 2023 டிசம்பர் 17, 18ல் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. அப்படிப்பட்ட நாளில் யாருக்கும் நெட் இருக்காது. அதை விடுப்பாகக் கழிப்பதா, வேறு நாளில் ஈடுகட்டுவதா என்பதை மழைக்கு முன்பே பேசி வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

சட்டம் என்ன சொல்கிறது?

சிறப்புப் பொருளாதார மண்டல நிறுவனங்களுக்காக 2022 ஜூலையில் மத்திய வர்த்தக அமைச்சகம் 43ஏ என்ற புதிய விதியைச் சேர்த்தது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்குத் தேவையான கருவிகளையும் பாதுகாப்பான இணைப்பையும் அந்த நிறுவனமே தர வேண்டும் என்பது அதில் உள்ள முக்கிய அம்சம். இது எல்லா நிறுவனங்களுக்குமான சட்டம் இல்லை. ஆனாலும் இணைப்பு என்பது ஊழியரின் சொந்தப் பாடு அல்ல என்று அரசே ஒரு விதியில் எழுதி வைத்திருக்கிறது.

இன்னொரு குழப்பம், விபிஎன் தடை செய்யப்பட்டதா என்பது. 2022 ஏப்ரல் 28ல் செர்ட்-இன் அமைப்பு, விபிஎன் சேவை தருபவர்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அப்போது கிளம்பிய குழப்பம் இது. நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்கென நடத்தும் விபிஎன்னுக்கு அந்த விதி பொருந்தாது என்று அடுத்த மாதமே விளக்கமும் வந்துவிட்டது. ஆபீஸ் விபிஎன் பயன்படுத்துவது குற்றம் இல்லை.

அரசுத் தரப்பில், தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் ஃபைபர் கேபிளால் இணைக்கும் பாரத்நெட் திட்டத்தை டான்ஃபிநெட் நிறுவனம் செயல்படுத்துகிறது. ஊராட்சி வரை கேபிள் வருவது பாதிக் கிணறுதான். அங்கிருந்து வீட்டு வாசல் வரை வந்தால்தான் மலையோரக் கிராமத்துக்கும் பலன்.

இப்போது என்ன செய்யலாம்?

மெயில் திறக்காத நாளில் "நெட் போச்சு சார்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை மணிக்கு, எந்தக் கதவில் நின்றது என்று குறித்து வையுங்கள். நெட் வேலை செய்ததா? விபிஎன் என்ன பிழை காட்டியது? ஓடிபி எத்தனை நிமிடம் கழித்து வந்தது? இரண்டு வாரம் இப்படிக் குறித்தாலே எங்கே கோளாறு என்பது கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். அதை ஐடி பிரிவுக்கு எழுத்தில் அனுப்புங்கள். மேலாளருக்கும் ஒரு நகல் போடுங்கள். குலசேகரத்தில் இருப்பவரும் குளச்சலில் இருப்பவரும் ஒரே பிழையை எழுதி அனுப்பினால், அது ஊரின் குறையா வாசலின் குறையா என்ற கேள்விக்கு நிறுவனமே பதில் சொல்லியாக வேண்டும்.